ஆர்.சி. பக்கிக்கு முன்பாரம்: எங்கே, எத்தனை கிராம், எப்படி

வளைவின் நடுவில் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பிப் பிடித்தும் பக்கி (ரிமோட்டில் மண்ணில் ஓட்டும் சிறிய ஆர்.சி. கார்) வெளிப்பக்கமே இழுத்துக்கொண்டு போகிறது. த்ராட்டிலை விட்டால் திரும்புகிறது, தொட்டால் மறுபடி நேராகிறது. மேட்டில் ஏறிப் பறந்தால் மூக்கு மேலே தூக்கிக்கொள்கிறது. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் முன் சக்கரங்களின் மேல் போதுமான பாரம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். உடனே ஈயக்கட்டி தேடிப் போக வேண்டாம். பாரம் ஏற்றுவது கடைசி வேலை. அதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை இருக்கின்றன, அளக்க வேண்டியது இருக்கிறது, ஒரு கிராம்கூடக் கூட்டாமல் இருப்பதையே நகர்த்திப் பார்க்கும் வழியும் இருக்கிறது.

மாட்டு வண்டியில் பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலே தூக்கும், முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நோகும். பக்கியிலும் கணக்கு அதேதான். ஆனால் இங்கே எல்லாமே கிராமில் நடக்கிறது. 1/10 அளவுப் பக்கி பேட்டரியோடு சேர்த்து ஒன்றரைக் கிலோ சுமார் இருக்கும். அதில் 30 கிராம் என்பது கைக்குத் தெரியாத எடை, டயருக்கு நன்றாகத் தெரிகிற எடை.

ஏன் என்று ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். 1520 கிராம் பக்கி, வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடைத் தூரம்) 280 மி.மீ., நிற்கும்போது முன்பக்கம் 500, பின்பக்கம் 1020 கிராம். எடைமையம் தரையிலிருந்து 45 மி.மீ. உயரத்தில் இருப்பதாகவும், வண்டி புவியீர்ப்பில் பாதி அளவு முடுக்கத்தோடு பாய்வதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். 1520ஐ 0.5ஆல் பெருக்கி, 45ஆல் பெருக்கி, 280ஆல் வகுத்தால் 122 கிராம் வருகிறது. த்ராட்டில் அழுத்தியதும் அவ்வளவு பாரம் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போய்விடுகிறது. வளைவிலிருந்து வெளியேறும் நேரத்தில் முன் டயர்கள் இரண்டுக்கும் சேர்த்து மிஞ்சுவது 378 கிராம்தான். உதிரி மண்ணில் ரிப் டயரின் வரிகள் உள்ளே பதிந்து பிடிக்க அது போதாது. த்ராட்டிலை விட்டதும் பாரம் முன்னால் திரும்பி வருகிறது, வண்டியும் திரும்புகிறது.

எந்த வண்டிக்குத் தேவை

மோட்டார் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பின் அச்சுக்கும் பின்னால் மோட்டார் தொங்கும் 2 சக்கர இயக்கப் பக்கிகளுக்குத்தான் இந்தக் குறை அதிகம். 1984இல் வந்த டமியா ஹார்னெட், டிராக்ஸஸ் பேண்டிட், டீம் அசோசியேட்டட் பி5 எல்லாம் இந்த வகை. அதே பி5இன் நடு-மோட்டார் உருவான பி5எம், அதற்குப் பின் வந்த பெரும்பாலான ரேஸ் பக்கிகள் ஆகியவற்றில் மோட்டார் பின் அச்சுக்கு முன்னால் வந்துவிட்டது. நடு-மோட்டார் பக்கி நம் பக்கத்து உதிரிச் செம்மண்ணில் ஓடும்போது பெரும்பாலும் பின் சக்கரம்தான் பிடி இல்லாமல் சுற்றும். அதற்கு முன்பாரம் கொடுத்தால் நிலைமை மோசமாகும். 4 சக்கர இயக்கத்தில் முன் டயர்களும் இழுப்பதால் கதை வேறு. அங்கே திரும்பாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது முன் டிஃப் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) எண்ணெயின் கெட்டித்தன்மை, பாரம் அல்ல.

ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை

சர்வோ என்பது முன் சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார். அதை அடியிலிருந்து காக்கும் ஸ்பிரிங் இணைப்பான சர்வோ சேவர் தளர்ந்திருந்தால் டிரான்ஸ்மிட்டரில் (கையில் பிடிக்கும் ரிமோட்டில்) முழு ஸ்டியரிங் கொடுத்தும் சக்கரம் பாதிதான் திரும்பும். வண்டியைத் தரையில் வைத்து, லேசாக அழுத்திக்கொண்டு ஸ்டியரிங் கொடுத்துப் பாருங்கள். தூக்கிப் பிடிக்கும்போது முழுசாகத் திரும்பி, தரையில் வைத்தால் குறைவாகத் திரும்பினால் குற்றம் சேவரிலோ பலம் போதாத சர்வோவிலோ இருக்கிறது. அந்த நிலையில் முன்பாரம் கூட்டினால் சர்வோவுக்குச் சுமை ஏறி, இன்னும் குறைவாகத்தான் திரும்பும்.

அடுத்து டிரான்ஸ்மிட்டரின் எண்ட் பாயிண்ட், அதாவது சர்வோ திரும்பும் எல்லை. இடம், வலம் இரண்டு பக்கமும் நக்கிள் (முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) போய் நிறுத்தத்தைத் தொடும் அளவுக்கு இருக்க வேண்டும், அதற்கு மேல் சர்வோ முனகக் கூடாது. ஷாக்கைக் கழற்றிவிட்டு முன் ஆர்மை, அதாவது சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கையை, தூக்கிவிடுங்கள். தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். விழாமல் இடையில் நின்றால் ஹிஞ்ச் பின் (ஆர்மின் கீல் கம்பி) வளைந்திருக்கிறது, அல்லது மண் புகுந்திருக்கிறது. டயர் வரிகளின் ஓரம் உருண்டுபோயிருந்தால் டயரை மாற்றுங்கள். தேய்ந்த டயரைப் பாரத்தால் சரிக்கட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. புது டயர் போட்ட அன்று அந்த வண்டி ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கத்தை வீசும்.

அளப்பது

1 கிராம் துல்லியமுள்ள, 5 கிலோ வரை தாங்கும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும். இரண்டு இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். பேட்டரி, பாடி, விங் எல்லாம் மாட்டிய நிலையில், ஓடத் தயாரான வண்டியைத்தான் நிறுக்க வேண்டும். சேசிஸுக்கு அடியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். கரிசலில் ஈரத்தில் ஓட்டிய வண்டியென்றால் ஆர்ம்களிலும் சக்கரத்தின் உட்புறத்திலும் அப்பியிருக்கும் மண்ணே நீங்கள் ஏற்றப்போகும் பாரத்தைவிட அதிகமாக இருக்கலாம்.

முன் சக்கரங்களைத் தராசின் மேலும், பின் சக்கரங்களைத் தராசு உயரத்துக்குச் சமமான பலகையின் மேலும் வையுங்கள். இந்த உயரச் சமம் முக்கியம். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் எடைமையம் பின்னால் சாய்ந்து முன் எடை குறைவாகக் காட்டும். வைத்ததும் முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை அழுத்தி விடுங்கள்; சஸ்பென்ஷன் இடையில் சிக்கி நிற்காமல் தன் நிலைக்கு வரும். எண்ணைக் குறித்துக்கொண்டு, பின்பக்கத்தையும் இதே மாதிரி நிறுங்கள். இரண்டையும் கூட்டினால் வரும் எடையும், முழு வண்டியைத் தூக்கி வைத்தால் வரும் எடையும் இரண்டு மூன்று கிராமுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் பலகை சமமாக இல்லை.

இடம்-வலம் பார்க்கத் தராசு வேண்டாம். சேசிஸின் நடுக்கோட்டில், முன்முனையில் ஒன்று பின்முனையில் ஒன்று என இரண்டு ஸ்க்ரூடிரைவர் நுனிகளின் மேல் வண்டியைத் தூக்கி நிறுத்துங்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கனம். ஏற்றப்போகும் பாரத்தில் கொஞ்சத்தை எதிர்ப்பக்கம் வைத்தால் ஒரே வேலையில் இரண்டும் தீரும்.

பின்-மோட்டார் பக்கியில் முன்பக்கம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்பின்னாக இருப்பது வழக்கம். நடு-மோட்டாரில் 36 முதல் 40 சதவீதம் வரை வரும். இதெல்லாம் தொடங்குவதற்கான எண்கள் மட்டும். இதுதான் சரியான சதவீதம் என்று யாராவது அடித்துச் சொன்னால் எந்த மண்ணில், எந்த டயரில் என்று கேளுங்கள்.

முதலில் பேட்டரியை நகர்த்துங்கள்

வண்டியில் மோட்டாரையும் விஞ்சும் கனமான பொருள் பெரும்பாலும் பேட்டரிதான், அதுவும் நகரக்கூடிய பொருள். 280 கிராம் லிப்போவை (லித்தியம் பாலிமர் பேட்டரியை) 15 மி.மீ. முன்னால் தள்ளினால், 280ஐ 15ஆல் பெருக்கி வீல்பேஸ் 280ஆல் வகுக்க, சரியாக 15 கிராம் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாறுகிறது. மேலே சொன்ன வண்டியில் 500–1020 என்பது 515–1005 ஆகிறது; 32.9 சதவீதம் 33.9 ஆகிறது. மொத்த எடை ஒரு கிராம்கூட ஏறவில்லை. பல வண்டிகளுக்கு இதுவே போதும், பாரம் வாங்கும் செலவே வராது.

நகர்த்திய இடம் வெற்றாகக் கிடக்கக் கூடாது. பின்பக்கம் ஸ்பாஞ்ச் துண்டு வைத்து அடைத்துவிடுங்கள். குதித்து இறங்கும்போது பேட்டரி முன்னும் பின்னும் ஆடினால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி வேறு மாதிரி ஓடும், காரணமும் பிடிபடாது. பேட்டரி போய் முட்டும் இடத்தில் திருகுத் தலையோ கூர் விளிம்போ இருந்தால் மழுக்கிவிடுங்கள். லிப்போ குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். ஈ.எஸ்.சி.யையும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ரிசீவரையும்கூட முன்னால் கொண்டுவரலாம். வயர் நீளம் அனுமதிக்க வேண்டும்.

எங்கே வைப்பது

பலரும் கிராமைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். வைக்கும் இடத்தை மாற்றினால் அதே கிராம் வேறு வேலை செய்கிறது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

30 கிராமை முன் அச்சுக்கு 30 மி.மீ. முன்னால், மூக்கில் வைத்தால் முன்பக்கம் ஏறுவது 33 கிராம். பின்பக்கத்தில் 3 கிராம் குறையவும் செய்கிறது. நெம்புகோல் மாதிரி முன் அச்சைத் தாண்டித் தொங்குவதால் அப்படி. அதே 30 கிராமை அச்சுக்கு 70 மி.மீ. பின்னால், சர்வோ பக்கத்தில் வைத்தால் முன்பக்கத்துக்கு 22.5 கிராமும் பின்பக்கத்துக்கு 7.5 கிராமும் போகின்றன. தராசை மட்டும் பார்த்தால் மூக்கில் வைப்பதே லாபமாகத் தெரியும்.

ஆனால் வளைவில் வண்டி தன் எடைமையத்தைச் சுற்றித் திரும்ப வேண்டும். அந்தச் சுழற்சியை எதிர்க்கும் சக்தி தூரத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. பேட்டரியை முன்னால் நகர்த்தியபின் நம் எடுத்துக்காட்டு வண்டியில் எடைமையம் முன் அச்சுக்கு 185 மி.மீ. பின்னால் இருக்கிறது. மூக்கு அங்கிருந்து 215 மி.மீ., சர்வோ 115 மி.மீ. ஆகவே ஒரே 30 கிராம் மூக்கில் இருந்தால் சர்வோ பக்கம் இருப்பதைவிடச் சுமார் மூன்றரை மடங்கு எதிர்ப்பைக் கொடுக்கிறது. ஓட்டும்போது இது எப்படித் தெரியும்? ஸ்டியரிங் கொடுத்ததும் மூக்கு சற்றுத் தாமதமாக உள்ளே வரும். வந்தபிறகு நிறுத்துவதற்கும் தாமதமாகும். அடுத்தடுத்து இடம், வலம் என்று வளையும் பாதையில் இந்தத் தாமதம் நேரத்தைத் தின்னும். நீண்ட ஒரே வளைவில் அது நிதானமாகத் தோன்றும், சிலருக்குப் பிடிக்கவும் செய்யும்.

மூக்கில் 30 கிராம் தரும் அதே 33 கிராமைச் சர்வோ பக்கத்திலிருந்து பெற 44 கிராம் வேண்டும். வண்டி 14 கிராம் கனமாகிறது, ஆனால் சுழற்சி எதிர்ப்பு பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. பின் சக்கரத்துக்கும் 11 கிராம் கூடுவதால் உதிரி மண்ணில் இழுவை குறையாது. அதனால் செம்மண்ணில் சர்வோவுக்கு அடியில் அல்லது ஸ்டியரிங் ராக்குக்கு (சர்வோவின் அசைவைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) அடியில் வைப்பதே நல்லது என்பது எங்கள் முடிவு. மேட்டில் மூக்குத் தூக்குவதுதான் பெரிய தொல்லை என்றால் மட்டும் மூக்குக்குப் போங்கள். அங்கேயும் பம்பருக்குள் திணிக்காமல், முன் பல்க்ஹெட்டுக்கு (முன் ஆர்ம்களைத் தாங்கும் சட்டம்) அடியில் சேசிஸோடு ஒட்டி வையுங்கள். பம்பரில் இருக்கும் பாரம் முட்டும்போதெல்லாம் முன் ஆர்ம் பிளாக்கைச் சுத்தியல் போல அடித்து உடைக்கும்.

வைக்கவே கூடாத இடங்கள் மூன்று. ஷாக் டவர் (ஷாக்குகளின் மேல்முனை மாட்டும் தட்டு) மேலே வைத்தால் எடைமையம் உயர்ந்து வண்டி வளைவில் கவிழும். சேசிஸின் வெளி அடியில் வைத்தால் முதல் கல்லிலேயே உரசிப் பிய்ந்துவிடும். நக்கிளிலும் சக்கரத்துக்குள்ளும் வைப்பது பாறை ஏறும் கிராலர்காரர்களின் வழக்கம். மெதுவாக ஊர்ந்து போகும் வண்டிக்கு அது சரி. பக்கியில் அந்தப் பாரம் ஸ்பிரிங்குக்குக் கீழே வருவதால், மேடு பள்ளத்தில் சக்கரம் குதித்துக் குதித்துத் தரையை விட்டுவிடும். தேடியது எதுவோ அதுவே போய்விடும்.

எதை வைப்பது

டயர் கடைகளில் வீல் பேலன்ஸிங் செய்யும்போது ரிம்மில் ஒட்டும் பட்டை எடை கிடைக்கும். 5 கிராம், 10 கிராம் துண்டுகளாகப் பிரித்து ஒட்டும்படி இருக்கும். பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ வீல் அலைன்மென்ட் பார்க்கும் எந்தக் கடையிலும் கேட்கலாம். சோதனைக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை: கத்தரிக்கோலால் பிரித்து, ஒட்டி, ஓட்டிப் பார்த்து, எடுத்து, அடுத்த இடத்தில் ஒட்டலாம்.

அளவு முடிவானபிறகு பித்தளைத் தகட்டுக்கு மாறுங்கள். பித்தளை ஒரு கன செ.மீ.க்கு 8.5 கிராம் சுமார். 40 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் என்றால் 3.6 கன செ.மீ., சுமார் 30 கிராம். அதே அளவில் 2 மி.மீ. தகடு 20 கிராம். லேத் பட்டறையில் வெட்டி மீந்த துண்டைக் கேட்டு வாங்கி, சேசிஸின் வடிவத்துக்கு அட்டையில் வெட்டிக் கொடுத்தால் அறுத்துத் துளை போட்டுத் தருவார்கள். சில ரேஸ் பக்கிகளுக்குக் கம்பெனியே பித்தளையில் முன் ஆர்ம் பிளாக், சர்வோவுக்கு அடியில் வைக்கும் தகடு ஆகியவற்றை விற்கிறது. அலுமினியப் பாகத்தைக் கழற்றி அந்த இடத்திலேயே பித்தளையைப் போடுவதால் கழன்று விழும் பேச்சே இல்லை. அலுமினியம் 2.7, பித்தளை 8.5, ஒரே வடிவத்துக்கு மும்மடங்குக்கு மேல் கனம்.

மீன்வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு மலிவு, 11.3 என்ற அடர்த்தியால் இடமும் குறைவாகவே எடுக்கும். ஆனால் ஈயம் நச்சு. வீட்டில் உருக்க வேண்டாம், அரத்தால் ராவ வேண்டாம். அந்தத் தூசியும் புகையும் உள்ளே போனால் கெடுதல், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் கெடுதல். பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால் தட்டித் தட்டையாக்கி, அலுமினிய ஃபாயில் டேப்பால் முழுதும் சுற்றி மூடி வையுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பொருத்துவது

சோதனைத் துண்டுகளை ஒட்டும் முன் சேசிஸின் உட்பக்கத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். செம்மண் தூசியும் ஷாக் எண்ணெயும் கலந்த படலம் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் ஒட்டினால் முதல் குதியிலேயே வந்துவிடும். 3எம் வி.எச்.பி. போன்ற இருபக்க ஃபோம் டேப் முழுப் பிடி பிடிக்க 72 மணி நேரம் எடுக்கும், 24 மணி நேரத்தில் 90 சதவீதம் வந்துவிடும். காலையில் ஒட்டிச் சாயங்காலம் ஓட்டுவதானால் மேலே ஒரு கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டுங்கள். மார்ச், ஏப்ரல் வெயிலில் கறுப்புச் சேசிஸைக் களத்தோரம் வைத்தால் கை வைக்க முடியாத சூடாகும். பசை இளகிப் பாரம் ஓரமாக நகர்ந்துவிடும். வண்டியை நிழலில் வையுங்கள்.

நிரந்தரத் தகட்டைத் திருகில்தான் நிறுத்த வேண்டும். எம்3 திருகு இரண்டு, நடுக்கோட்டின் இரு பக்கமும். 3 மி.மீ. துளை போட்டு, சேசிஸின் அடியில் திருகுத் தலை உள்ளே அமரும்படி கௌண்டர்சிங்க் செய்யுங்கள். தலை ஒரு மயிரிழை வெளியே நீட்டினாலும் தரையில் தேய்ந்து சாவி பிடிக்காமல் போகும். மேலே நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் கழலாத நட்டு). திருகுப் பசை போடுவதானால் உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும். சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்க வைக்கும். கார்பன் சேசிஸில் துளையிடும்போது தூசியை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் போடுங்கள், ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்கள். தகட்டின் மேல் சர்வோ வயரோ ரிசீவர் வயரோ உரசாதபடி ஓரங்களை அரத்தால் மழுக்குங்கள். ரிசீவரின் ஆன்டெனாவைத் தகட்டோடு படுக்க விடாமல் குழாயில் நிமிர்த்தி வையுங்கள்.

ஏற்றியபின் சஸ்பென்ஷன்

இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பாரம் ஏறியதும் முன்பக்கம் சற்று அமர்ந்துவிடும். அப்படியே ஓட்டினால் நீங்கள் உணர்வது பாரத்தின் பலன் பாதி, உயரம் குறைந்ததன் பலன் பாதி. எது எது என்று பிரித்தறிய முடியாது. வண்டியை 15 செ.மீ. உயரத்திலிருந்து தரையில் விட்டு, அமர்ந்ததும் சேசிஸின் அடி உயரத்தை அளந்து, முன்பு இருந்த அளவுக்கே ஸ்பிரிங் காலரைத் திருகிக் கொண்டுவாருங்கள். மண் தரைக்கு 1/10 பக்கியில் 22–24 மி.மீ. வழக்கம். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை சுற்று. கேம்பரையும் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் அளவு) ஒருமுறை பாருங்கள்.

40 கிராம் வரை காலரோடு முடிந்துவிடும். அதைத் தாண்டினால் முன் ஸ்பிரிங்கை ஒரு படி கெட்டியாக மாற்றி, ஷாக் எண்ணெயையும் 30 வெயிட் (எண்ணெயின் கெட்டித்தன்மை அளவு) இருந்தால் 32.5 அல்லது 35க்கு ஏற்றுங்கள். இல்லையென்றால் குதித்து இறங்கும்போது மூக்கு தரையில் அடித்து, திரும்ப எகிறும்.

தரையில் சோதிப்பது

ஒரே பேட்டரி, ஒரே டயர், ஒரே ஈரம். இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் ஒப்பீடு பயனில்லை. தண்ணீர் தெளித்த செம்மண் முதல் அரைமணி நேரம் நன்றாகப் பிடிக்கும். காய்ந்து தூசி எழும்பியதும் அதே வண்டி வழுக்கும். ஆகவே பாரம் ஏற்றி ஓட்டியதும், கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முன்பு இருந்த குறை மறுபடி வந்தால்தான் மாற்றம் பாரத்தால் வந்தது.

வட்டச் சோதனை எளிது. கவிழ்த்த சிரட்டை ஒன்றை நடுவில் வைத்து, முழு ஸ்டியரிங்கில் மெதுவாக அதைச் சுற்றி வாருங்கள். பின் த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வட்டம் விரிந்துகொண்டே போனால் முன்பாரம் இன்னும் குறைவு. வட்டம் அப்படியே நின்று, வேகம் மட்டும் கூடினால் சரியான இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். பின்பக்கம் வீசி வண்டி சுற்றிக்கொண்டால் தாண்டிவிட்டீர்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் விரிந்தால் இடம்-வலம் சமன் தவறியிருக்கிறது.

10 கிராம், 10 கிராமாக ஏற்றுங்கள். 1/14 அளவு வண்டியென்றால் 5 கிராம். நன்றாக இருக்கிறது என்று தோன்றும் இடத்தில் நிற்காமல் இன்னும் ஒரு படி ஏற்றி, கெடுவதைப் பார்த்துவிட்டு, ஒரு படி இறங்குங்கள். எல்லை எங்கே என்று தெரிந்தால்தான் மண் மாறும்போது எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பது தெரியும். ஒவ்வொரு படியிலும் முன் எடை, பின் எடை, இடம், மண்ணின் நிலை நான்கையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கொழிஞ்சாம்பாறை போகும் தூரத்துக்குள்ளேயே மூன்று விதத் தரை கிடைக்கிறது, மூன்றுக்கும் ஒரே பாரம் ஒத்துவராது. தென்னந்தோப்பு ஓரத்துச் செம்மண், மேலே உதிரி, கீழே கெட்டி. மேலே சொன்ன முறையெல்லாம் இதற்குத்தான் அப்படியே பொருந்தும். எல்லை தாண்டிச் சித்தூர் தாலுகாவின் கரிசல், கேரளத்தில் வேறெங்கும் பார்க்க அரிதான மண், காய்ந்தால் கல்லாகி வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் முன் சக்கரம் மாட்டி நிற்கும்போது மூக்கில் பாரம் இருந்தால் முன் பல்க்ஹெட் முறியும். கரிசலுக்குச் சர்வோ பக்கத்துப் பாரம் மட்டும் போதும். ஈரக் கரிசலில் பாரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், மண் அப்பிக்கொண்டு சுற்றுக்குச் சுற்று எடை மாறும்.

மூன்றாவது, கொப்பரை காயவைக்கும் சிமென்ட் களம். சுத்தமாகப் பெருக்கிய களத்தில் பிடி மிக அதிகம். செம்மண்ணுக்கு ஏற்றிய முன்பாரத்தோடு இங்கே வந்தால் முன் டயர் பசை போட்டது மாதிரி பிடித்து, வண்டி வளைவில் பக்கவாட்டில் கவிழ்ந்து உருளும். பாரத்தை எடுத்துவிட்டு, உயரத்தை இரண்டு மூன்று மி.மீ. குறைத்து, கெட்டியான டயர் மாட்டுங்கள். பெருக்காத களம் வேறு கதை: மஞ்சித் தூசியும் நார்க்கழிவும் படிந்திருந்தால் பின் சக்கரம்தான் முதலில் வழுக்கும், அப்போதும் முன்பாரம் வேண்டாம்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று பலமானது. அதை எதிர்த்துக் குதிக்கும் வண்டி மூக்கைத் தூக்கினால் காற்று சேசிஸின் அடிப்பரப்பைப் பிடித்துப் பின்னால் மல்லாத்தும். அந்த மாதங்களில் மட்டும் மூக்கில் 10 கிராம் கூடுதலாக வைப்பது பலன் தரும். குதி மேட்டை வடக்கு-தெற்காக அமைக்க முடிந்தால் அது இன்னும் நல்லது. காற்றில் இருக்கும்போது த்ராட்டில் கொடுத்தால் மூக்கு ஏறும், பிரேக் தொட்டால் இறங்கும். பாரம் ஏற்றிய வண்டியில் பிரேக்கை முன்புபோலவே தொட்டால் மூக்கு குத்தி விழும்.

மிஞ்சிவிட்டது என்பதற்கு அடையாளங்கள்

நேர்ப்பாதையின் முடிவில் பிரேக் தொட்டதும் பின்பக்கம் இடமோ வலமோ வீசுகிறது. புறப்படும்போது பின் சக்கரம் முன்பைவிட அதிகம் சுற்றி மண்ணைக் கிளப்புகிறது. வளைவுக்குள் நுழையும்போது மட்டும் திடுக்கென்று உள்ளே வெட்டுகிறது, வெளியேறும்போது சரியாக இருக்கிறது. குதித்தால் மூக்கு முதலில் இறங்குகிறது. சர்வோ தொட்டால் சுடுகிறது. முதல் இரண்டும் சேர்ந்து வந்தால் 10 கிராம் எடுங்கள். நுழையும்போது வெட்டுவது மட்டும் என்றால் எடுக்கும் முன் டிரான்ஸ்மிட்டரில் ஸ்டியரிங் எக்ஸ்போவை (நடுப்பகுதியில் ஸ்டியரிங் எவ்வளவு கூர்மையாக வேலை செய்யும் என்ற அமைப்பை) கொஞ்சம் மென்மையாக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். மூக்கு முதலில் இறங்கினால் கிராமைக் குறைக்காமல் மூக்கிலிருந்து சர்வோ பக்கம் நகர்த்துங்கள். சர்வோ சுட்டால் இன்னும் பலமான சர்வோ வேண்டும், அல்லது பாரம் குறைய வேண்டும், நடுவழி இல்லை.

ஒவ்வொரு நாள் ஓட்டமும் முடிந்ததும் பாடியைக் கழற்றி, தகட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் நட்டை இறுக்குவதோடு நிற்காமல் தகட்டைக் கழற்றித் துளைகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் சேசிஸில் துளை நீள்வட்டமாகிவிட்டால் அடுத்து விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அடியில் அகலமான வாஷர் போட்டு, துளையை 10 மி.மீ. தள்ளிப் புதிதாகப் போடுங்கள்.